குளத்தில் சிரித்த நோயாளி

எங்கள் ஊர் மறுவாழ்வு மருத்துவமனையின் சிகிச்சைக் குளத்தில் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. யாரும் வழுக்கி விழுந்ததில்லை, யாருக்கும் மூச்சுத் திணறியதில்லை. இந்தச் சாதனைக்காக மினசோட்டா மாநில மருத்துவமனைகள் எல்லாம் கூடிய ஒரு விருந்தில் கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் குளத்தின் வாசலில் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லப்போகும் கோடை வரை கேடயத்தைத் தாண்டி உள்ளே போன நோயாளி எவரும் கிடையாது என்பதால் அதில் ஒரு கைரேகைகூடப் பட்டிருக்கவில்லை.

குளத்தைக் கட்டிக்கொடுத்தவர் வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவரின் மனைவி. பக்கவாதத்தில் கிடந்த கணவருக்கு எங்கோ தூரத்து நகரத்தில் தண்ணீருக்குள் மட்டும் கால் அசைந்ததாம். அவர் இறந்த பிறகு அந்த அம்மாள் பண்ணையை விற்று, இளஞ்சூட்டுத் தண்ணீர், சறுக்காத தரை, உட்கார்ந்த வாக்கில் ஆளை நீருக்குள் இறக்கிவிடும் நாற்காலி என்று எல்லாம் செய்து கொடுத்தார். திறப்பு விழாவன்று தண்ணீரில் கையை நனைத்துப் பார்த்து, "நல்ல சூடு" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கோடை வரை அதில் நனைந்தது வெப்பமானி ஒன்றுதான்.

குறை தண்ணீரில் இல்லை. யாருக்கு நீர் சிகிச்சை பொருந்தும் என்று முடிவு செய்ய மருத்துவமனை ஒரு நீர்த் தகுதிக் குழுவை அமைத்திருந்தது. தலைவர் டாக்டர் வெண்டல்போ, நெடிய மனிதர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் அதற்கு விதிவிலக்கும் சொல்லிவிடுவார். செயலாளர் கோரின் ஹாக்ஸ்டாட், உள்ளூர்க்காரர், நல்ல மனுஷி. குழுவில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் தண்ணீரின் பக்கம் சாய்ந்துவிடக்கூடும் என்பது தலைவரின் அச்சம்.

இந்தக் குழுவின் முன்னால் வந்து சேர்ந்தவர்தான் ஆர்டிஸ் ட்வைட்.

ஆர்டிஸ் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடிய மறுநாள் பஸ்ஸைக் கழுவிவிட்டுப் படியில் இறங்கும்போது சோப்பு நுரையில் கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். புண் ஆறியது. ஆனால் பிள்ளைகள் திரும்பி வருவதற்குள், ஆகஸ்ட் கடைசியில், ஓட்டுநர்களுக்கு ஒரு சோதனை உண்டு. யார் கையையும் பிடிக்காமல் பஸ் படி ஏற வேண்டும், நடுவழியில் கடைசி வரை நடக்க வேண்டும், பின்பக்க அவசரக் கதவு வழியாகத் தரையில் இறங்க வேண்டும். முடியாவிட்டால் அவர் ஓட்டும் தடம் இன்னொருவருக்குப் போய்விடும். போன தடம் திரும்பியதாக எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. ஆர்டிஸின் தடம் ஏரியைச் சுற்றிப் போகும் பண்ணைச் சாலை. எந்த வளைவில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும், எந்த வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. வேறு வேலை எதுவும் அவர் செய்ததில்லை, செய்ய ஆசைப்பட்டதும் இல்லை.

அவருக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் யெசெனியா, டெக்சாஸிலிருந்து போன பனிக்காலத்தில் வேலைக்கு வந்தவள்.

"தரையில நடந்தீங்கன்னா எலும்பு இன்னும் தாங்காது" என்றாள். "நெஞ்சளவு தண்ணியில நின்னா உங்க கனத்துல முக்கால்வாசியைத் தண்ணியே சுமந்துக்கும். நாளைக்கே நடக்க ஆரம்பிக்கலாம். ஆகஸ்ட்டுக்குள்ள படி ஏறிடுவீங்க."

"தண்ணி இல்லாம?"

"கிறிஸ்துமஸ் ஆயிடும்."

புண் மூடியிருக்கிறதா, இதயம் சரியாக இருக்கிறதா, வலிப்பு வருமா, தோலில் தொற்று உண்டா, தண்ணீர் என்றால் பயமா என்று யெசெனியா கேட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கையில் இருந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மீதியைக் குழு கேட்கும் என்றார்கள். மீதி என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

குழு ஆர்டிஸைச் சக்கர நாற்காலியில் வரவழைத்தது. டாக்டர் வெண்டல்போ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"திருமதி ட்வைட், உங்களுக்கு நீர் சிகிச்சை வேணுமா?"

"ஐயோ, எனக்காக நீங்க யாரும் சிரமப்படாதீங்க" என்றார் ஆர்டிஸ். "என்னைவிட முடியாதவங்க இருப்பாங்க."

'நோயாளி மறுத்துவிட்டார்' என்று கோரின் எழுதிக்கொண்டார்.

எங்கள் ஊரில் ஒருவரிடம் காபி வேண்டுமா என்று கேட்டால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்கு வீண் வேலை என்பார். மூன்றாவது முறை கேட்டால், ஏற்கெனவே போட்டிருந்தால் அரைக் கோப்பை கொடுங்கள் என்பார். பிறகு பானை காலியாகும் வரை எழுந்திருக்க மாட்டார். கோரினும் இப்படித்தான் வளர்ந்தவர், இப்படித்தான் கல்யாணமும் செய்துகொண்டவர். ஆனால் குழுவின் விதிப்படி எந்தக் கேள்வியையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டாம் தடவை கேட்டால் அது வற்புறுத்தலாகிவிடும்.

அன்று மாலை ஆர்டிஸின் கணவர் லோவெல் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"வேணும்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடி?"

"எடுத்த எடுப்பிலயா? பறக்காவெட்டின்னு நினைக்க மாட்டாங்களா?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டப்பவும் இதே கதைதான். மூணு தடவை கேட்டேன். எனக்கு உன்மேல ஆசை, கேட்டேன். அந்த டாக்டருக்கு என்ன தலையெழுத்து?"

யெசெனியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க ஊர்ல வேணுமான்னு எங்கம்மா கேட்டு முடிக்கிறதுக்குள்ள தட்டுல சாப்பாடு விழுந்திருக்கும்" என்றாள். பிறகு போய்க் குழுவோடு சண்டை போட்டு இன்னொரு தவணை வாங்கி வந்தாள். இந்த முறை குழுவே அறைக்கு வந்து பார்க்கும். வலியைப் பற்றிக் கேட்கும். அதற்கு முன்னால் ஒத்திகை அவசியம் என்று நினைத்தாள்.

"வலிக்குதான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"பரவால்லன்னு."

"அதைச் சொல்லக் கூடாது. ரொம்ப வலிக்குதுன்னு சொல்லணும்."

ஆர்டிஸ் வாயைத் திறந்து மூடினார். "லேசா இருக்குன்னு சொல்லட்டுமா?"

"ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கீங்க, நர்ஸ் சொன்னாங்க!"

"அது ராத்திரி. அப்ப யாரும் கேக்கலையே."

லோவெல் ஜன்னலோரம் இருந்து சொன்னார்: "விட்டுடும்மா. எங்கப்பா டிராக்டருக்கு அடியில கெடந்தப்பவே, கொஞ்சம் அழுத்துதுன்னுதான் சொன்னாரு. இது ரத்தத்துல இருக்கு."

மறுநாள் குழு முழுவதும் வரிசையாக அறைக்குள் நுழைந்தது. கோட்டு போட்ட இத்தனை பேர் தன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றதும் ஆர்டிஸ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுக்க, எழுந்து நின்றுவிட்டார். "உட்காருங்க, உட்காருங்க, பிஸ்கட் சாப்பிடுங்க" என்றார்.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தானாக எழுந்து நிற்கிறார்" என்றார் தலைவர். கோரின் எழுதினார்.

"மரியாதைக்கு எழுந்தாங்க டாக்டர்!" என்றாள் யெசெனியா. "கால்ல தெம்பு இருந்து இல்ல!"

"மரியாதையும் தசையால செய்யறதுதானே, மிஸ் யெசெனியா. தசை வேலை செய்யுதுன்னா தரைப் பயிற்சி போதும். வலி எப்படி இருக்கு, திருமதி ட்வைட்?"

ஆர்டிஸ் யெசெனியாவைப் பார்த்தார், லோவெலைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. உயிரைக் கொடுத்துச் சொன்னார்: "சொல்லிக்கிற மாதிரி இல்லங்க. இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

"அப்ப மோசமானப்புறம் வாங்க" என்றார் தலைவர் கனிவாக. பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி ஒரு சிறு உரையே ஆற்றினார். "தண்ணி ஒரு மருந்து. தேவைப்பட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டே போனா அப்புறம் எல்லாருக்கும் தேவைப்பட ஆரம்பிச்சிடும். இந்தக் குளத்தை நாங்க இத்தனை வருஷமா சுத்தமா வச்சிருக்கோம்னா அதுக்குக் காரணம் கட்டுப்பாடு. குணமாகணும்னு அவசரப்படறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா தகுதியில்லாத ஒருத்தர் குணமாயிட்டா, தகுதிங்கிற சொல்லுக்கே அர்த்தமில்லாம போயிடும்."

கோரின் பிஸ்கட் வேண்டாம் என்றார். ஆர்டிஸ் மூன்று தடவை கேட்ட பிறகு இரண்டு எடுத்துக்கொண்டார்.

ஜூலையும் பாதி போயிற்று. ஆர்டிஸ் மெத்தையில் படுத்துக் காலைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். பஸ் பணிமனையிலிருந்து மேற்பார்வையாளர் டுவெய்ன் வந்து பூங்கொத்து வைத்துவிட்டு, "உங்க தடத்தை வேணும்னு ஒருத்தர் கேட்டுட்டிருக்காரு, நான் இன்னும் பதில் சொல்லல" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் மருத்துவமனைக்குத் தரச்சான்று தருகிறவர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. எத்தனை பேரை மறுத்தீர்கள் என்று கேட்டால் காட்டக் குழுவிடம் அலமாரி நிறைய இருந்தது. எவரையாவது தண்ணீரில் இறக்கிச் சோதித்துவிட்டு மறுத்தீர்களா என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. ஆகவே ஆர்டிஸுக்கு ஒரு சோதனை முழுக்கு அளிக்கப்பட்டது.

குழுவினர் காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் தெறித்தால் காகிதம் நனையுமே என்று கோரின் மழைக்கோட்டு அணிந்திருந்தார். யெசெனியா நீருக்குள் நிற்க, எந்திர நாற்காலி முனகிக்கொண்டே ஆர்டிஸை இறக்கியது. இடுப்பு, வயிறு, நெஞ்சு.

"இப்ப ஊன்றுங்க" என்றாள் யெசெனியா. "பயப்படாதீங்க. நான் பிடிச்சிருக்கேன்."

ஆர்டிஸ் காலை ஊன்றினார். வலிக்கும் என்று கண்ணை மூடியவர் மெல்லத் திறந்தார். அடுத்த காலை எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று. மே மாதத்திற்குப் பிறகு அவர் நடப்பது அதுதான் முதல் தடவை. குளத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினார். திரும்பும்போது சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கரையில் பேனாக்கள் நின்றன.

"குறிச்சுக்கோங்க" என்றார் தலைவர் தாழ்ந்த குரலில்.

அரை மணி நேரம் ஆலோசித்தார்கள். ஆர்டிஸ் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார். தலைவர் எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்.

"திருமதி ட்வைட், உங்க முகத்தை நாங்க எல்லாருமே பார்த்தோம். நான் இந்தத் துறையில ரொம்ப காலமா இருக்கேன். சிகிச்சையில இருக்கிற ஒருத்தர் முகம் அப்படி இருக்காது. என் நோயாளிகள் யாரை வேணும்னாலும் கேளுங்க. சிகிச்சைன்னா ஒரு சுளிப்பு வேணும், குறைஞ்சபட்சம் ஒரு சலிப்பாவது வேணும். நீங்க சந்தோஷமா இருந்தீங்க. சந்தோஷமா செய்யற உடற்பயிற்சிக்குப் பேரு பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு இந்தக் குழு அனுமதி தர முடியாது. வருத்தப்படறேன்."

"நடந்தாங்களே டாக்டர்!" யெசெனியாவின் குரல் ஓடுகளில் மோதித் திரும்பியது. "நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன். நடக்க முடியறவங்களுக்கு எதுக்குத் தண்ணி?"

ஆர்டிஸ் குனிந்து ஈரமான தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, வழி கேட்பவரைப் போலக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க, ஒரு சந்தேகம். பொழுதுபோக்குக்கு நீங்க அனுமதி தர முடியாது, சரி. வேற யார் தரணும்?"

தலைவர் கோரினைப் பார்த்தார். கோரின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சிகிச்சைக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் குழு. பொழுதுபோக்கு என்ற சொல் அதில் வசவாக மட்டுமே வந்திருந்தது. அதை அனுமதிக்கவோ தடுக்கவோ உலகத்தில் யாரையும் நியமிக்க மறந்துவிட்டார்கள்.

"அப்ப யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க" என்றார் ஆர்டிஸ்.

மறுநாள் யெசெனியா வேலை முடிந்த பிறகு, பூப்போட்ட நீச்சலுடையில், தோழி என்ற முறையில் குளத்துக்கு வந்தாள். லோவெல் ஒரு கடற்கரைப் பந்தும் மஞ்சள் ரப்பர் வாத்தும் வாங்கி வந்திருந்தார். ஆர்டிஸ் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார், வாத்தைத் துரத்திக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார், தண்ணீருக்கடியில் இருந்த படியில் ஏறி இறங்கினார்.

செய்தி தலைவருக்குப் போயிற்று. பொழுதுபோக்கு என்ற பெயரில் யாராவது குணமாகிவிடுகிறார்களா என்று கண்காணிக்கக் கோரினை அனுப்பினார். கோரின் மழைக்கோட்டோடு கரையில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க, ஆர்டிஸ்?"

"விளையாடறோம், கோரின்."

"ஒரு காலையே பதினஞ்சு தடவை மடக்கறீங்களே?"

"வாத்து ஆட்டம். எங்க ஊர்ல இப்படித்தான்" என்றாள் யெசெனியா.

"மூஞ்சியை ஏன் சுளிச்சீங்க இப்ப? வலியா? வலின்னா அது சிகிச்சை. நான் எழுதியாகணும்."

"பந்து மூக்குல பட்டுடுச்சு."

அன்று முதல் ஆர்டிஸ் வலிக்கும்போதெல்லாம் சிரிக்கக் கற்றுக்கொண்டார். காலை மடக்கும்போது ஹஹ்ஹா. முட்டியில் சுளீரென்று இழுத்தால் ஹிஹ்ஹி. இறுதிச் சடங்கிலும் திருமணத்திலும் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நடைக்கூடம் வரை கேட்ட அந்தச் சத்தத்தில் லோவெலுக்குக் காது சிவந்தது.

ஒரு நாள் தலைவரே வந்து எட்டிப் பார்த்தார்.

"மகிழ்ச்சி குறையுது" என்றார் கோரினிடம். "முந்தாநாள் இருந்த அளவு இல்ல. கவனமா இருங்க. மகிழ்ச்சி குறைஞ்சா அது மருத்துவமாயிடும்."

"நான் இன்னும் பலமா சிரிக்கட்டுமா டாக்டர்?" என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்டார் ஆர்டிஸ்.

"உண்மையா சிரிக்கணும்."

ஆர்டிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காலில் நீல உறை, கழுத்தில் டை, கையில் நிறுத்துக் கடிகாரம். அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் குறை ஒன்றும் இருந்ததாகக் கோரின் எழுதவில்லை. குனிந்துகொண்டு கோரினும் ஏதோ செய்துகொண்டிருந்தார். மழைக்கோட்டு குலுங்கியது.

ஆகஸ்ட் கடைசியில் பஸ் பணிமனையில் டுவெய்ன் சோதனை வைத்தார். "ஏறுங்க" என்றார். ஆர்டிஸ் ஏறினார். "பின்னால போய் இறங்குங்க." நடுவழியே நடந்து, அவசரக் கதவைத் தள்ளி, விளிம்பில் உட்கார்ந்து, தரையில் இரண்டு காலும் பதிய இறங்கி நின்றார். கையில் இருந்த சாவியை டுவெய்ன் நீட்டினார்.

"அவ்வளவுதானா?" என்றார் ஆர்டிஸ்.

"வேறென்ன பார்க்கணும்?" டுவெய்னுக்குக் கேள்வியே புரியவில்லை.

நீர்த் தகுதிக் குழுவின் ஆண்டு விருந்து செப்டம்பரில் நடந்தது. கோழிக்கறிக்கும் இனிப்புக்கும் நடுவில் டாக்டர் வெண்டல்போ பேசினார்.

"இந்த வருஷம் எங்க அளவுகோல் சரியானதுன்னு நிரூபணம் ஆயிருக்கு. எலும்பு முறிவோட வந்த ஒரு பெண்மணிக்கு நீர் சிகிச்சை தேவையில்லைன்னு இந்தக் குழு முடிவு பண்ணிச்சு. எவ்வளவோ எதிர்ப்பு. நாங்க அசையல. இன்னைக்கு அவங்க நீர் சிகிச்சை இல்லாமலே முழுசா குணமாயிட்டாங்க. எங்களால சிகிச்சை மறுக்கப்பட்டவங்கள்ல குணமானவங்க கணக்கை எடுத்தா, எங்களால சிகிச்சை கொடுக்கப்பட்டவங்க யாரும் அந்தக் கணக்குக்குக் கிட்டவே வர முடியாது." கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தார். "ஆனா ஒரு ஓட்டை தெரிஞ்சுது. அதை அடைச்சிட்டோம். அடுத்த மாசத்துலேர்ந்து பொழுதுபோக்குத் தகுதிக் குழு இயங்கும். சந்தோஷமா இருக்க விரும்பறவங்க முதல்ல தங்களுக்கு எந்த நோயும் இல்லைன்னு நிரூபிக்கணும். அதுக்கும் நானே தலைவரா இருக்க இசைஞ்சிருக்கேன்."

யெசெனியா கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த மாதமே டெக்சாஸுக்குத் திரும்பிவிட்டாள். குளத்துத் தண்ணீர் இளஞ்சூட்டில், அசையாமல், தெளிவாக இருந்தது.

அக்டோபரில் ஒரு மாலை டாக்டர் வெண்டல்போ அவசரமாக நகரத்துக்குக் காரை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது கேடயம் கொடுக்கிறார்கள். ஏரி வளைவைத் தாண்டியதும் முன்னால் மஞ்சள் பஸ் நின்றது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன, பக்கவாட்டில் 'நில்' பலகை விரிந்தது. அது விரிந்திருக்கும் வரை எந்த வண்டியும் அசையக் கூடாது. மடக்குவது ஓட்டுநர் கையில் இருக்கிறது.

ஸ்வேயா என்ற சின்னப் பெண் படி வரை வந்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆர்டிஸ், என் கையுறை ஒண்ணைக் காணோம்."

"பெஞ்சுக்கு அடியில பாரு."

பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. ஆர்டிஸ் கண்ணாடியில் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் நெடிய உருவம், டை, கடிகாரத்தைப் பார்க்கும் கை. பிள்ளைகள் எல்லாரும் பின் ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டார்கள். மறுபடி ஹார்ன்.

"ஆர்டிஸ், பின்னால ஒருத்தர் ரொம்பக் கோவமா இருக்காரு."

"இருக்கட்டும் கண்ணு" என்றார் ஆர்டிஸ். "நீ அவசரப்படாம, எல்லாப் பெஞ்சுக்கு அடியிலயும் ஒவ்வொண்ணா பாரு."